ஒக்டோபரில் தொடங்கும் தோட்டம்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் ஆட்களின் வீடுகளில் தோட்ட வேலை மே மாதத்தில்தான் தொடங்கும். விக்ரோறியா நாள் நீண்ட வார இறுதியில் கன்று விற்கும் இடங்களில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. மிளகாய்க் கன்று, கத்தரிக் கன்று, தக்காளிக் கன்று, கூடவே பை பையாகக் கறுப்பு மண், கோழியெரு. எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்து இரண்டு நாளில் நட்டு முடிப்போம். செப்ரெம்பர் கடைசியில் காய் ஓய்ந்ததும் பின்வளவுக் கதவைச் சாத்தினால், அடுத்த மே வரைக்கும் அந்தப் பக்கம் ஒருவரும் போவதில்லை.

இந்த நாட்டில் தோட்டத்துக்கு ஆண்டுப்பிறப்பு ஒக்டோபர்தான் என்று நான் யாரைக் கண்டாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மே மாதம் நடுகைக்கு. அதற்கு முன்னால் மண்ணில் நடக்கவேண்டிய எல்லாமே இலை உதிரத் தொடங்கும் இந்த நாட்களில் நடக்கவேண்டும். உள்ளி, அதாவது வெள்ளைப்பூண்டு, நடுவதும் இந்த நாட்களில்தான். இப்போது விட்டால் பிறகு அதற்கு நேரம் இல்லை.

காரணம் மண்தான். நாங்கள் இருக்கிற மோர்ணிங்சைட் பக்கத்தில் மேலே ஒரு சாண் அளவுக்கு நல்ல மண், அதற்குக் கீழே களி. ஏப்ரலில் ஸ்னோ உருகிய தண்ணீர் வடியாமல் அந்தக் களிக்குள்ளேயே நிற்கும். வெயிலைக் கண்ட சந்தோஷத்தில் அந்த நேரம் மண்வெட்டியை எடுத்தால், கட்டி கட்டியாகப் பெயர்ந்து வந்து, யூன் மாதம் காய்ந்து இறுகிவிடும். பிறகு கடையில் வாங்கிய மண்ணை எவ்வளவுதான் மேலே கொட்டினாலும் வேர் அந்தக் கட்டிக்குள் இறங்காது. ஒக்டோபரில் அப்படியில்லை. கோடைச் சூடு மண்ணில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், ஈரமும் அளவாக இருக்கும். நான் ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பார்ப்பேன். உருண்டையாகி, விரலால் தட்டியதும் உதிர்ந்தால் கொத்தலாம். தட்டியும் உதிராமல் ஒட்டிக்கொண்டு நின்றால் இன்னும் சில நாள் பொறுக்கவேண்டும்.

கொத்தும்போது பெரிய கட்டிகளாகப் புரட்டிப் போட்டுவிட்டு உடைக்காமல் அப்படியே விட்டுவிடுவேன். மிச்ச வேலை குளிருடையது. கட்டிக்குள் இருக்கிற ஈரம் உறையும்போது விரிகிறது, உருகும்போது இளகுகிறது. டிசெம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் இது திரும்பத் திரும்ப நடக்க, ஏப்ரல் கடைசியில் போய்ப் பார்த்தால் கட்டிகள் தாமாகவே பொலபொலவென்று உடைந்து கிடக்கும். காசு கொடுத்தாலும் கிடைக்காத வேலை அது. ஒவ்வொரு இலைதுளிர்காலத்திலும் அதைக் காலால் மிதித்துப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும். மிதிக்கமாட்டேன். நடப்பதற்குப் பாத்திகளுக்கு நடுவே பலகை போட்டிருக்கிறேன்.

என்னுடைய அப்பா யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனில் புகையிலையும் வெங்காயமும் செய்தவர். அவருடைய மண் செம்மண், கீழே சுண்ணாம்புக் கல். எவ்வளவு இறைத்தாலும் தண்ணீர் நிற்காத நிலம். அந்த வெயிலுக்குப் போட்ட எருவும் மண்ணில் கனகாலம் தங்காது. அதனால் ஒவ்வொரு போகத்துக்கு முன்னாலும் குழை தாழ்ப்பார். வேலியில் நிற்கும் பூவரசு, கிளிசறியா எல்லாவற்றையும் வெட்டி, கிடங்கு வெட்டி அடுக்கி, மேலே மண்ணை மூடி மிதிப்பார். வேலியும் கூரையும் புதிதாக மேய்ந்தால் கழித்த பழைய பனையோலையும் தோட்டத்துக்குள்தான் போகும். எருவுக்காக இரவில் தோட்டத்தில் ஆட்டுப் பட்டி அடைப்பதற்குப் பட்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பார். எங்கள் வளவிலிருந்து ஓர் இலைகூட வெளியே போனதை நான் கண்டதில்லை.

அம்மா கனடாவுக்கு வந்த முதல் இலையுதிர்காலத்தில், எங்கள் தெரு முழுக்கக் கடதாசிப் பைகளில் மேப்பிள் இலை கட்டி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டது இப்போதும் நினைவிருக்கிறது: "இவ்வளவு குழையையும் குப்பைக்கோ குடுக்கினம்?" மாநகரசபை அவற்றை ஏற்றிக்கொண்டு போய் எருவாக்குகிறது, வீணாகப் போவதில்லை என்று விளங்கப்படுத்தினேன். அவவுக்கு அது பிடிபடவில்லை. "பிறகேன் மே மாசம் காசு குடுத்து எரு வாங்குறியள்?" என்றா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கே பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு அவர்களுடைய பைகளையும் எங்கள் வளவுக்குள் இழுத்துக்கொண்டு வந்தோம். இப்போது தெருவில் நாலைந்து வீட்டார் எங்களுக்கென்றே பைகளை எங்கள் படலையடியில் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

எந்த இலையையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடாது. மேப்பிள் நல்லது. நோர்வே மேப்பிள் இலையில் தார் தெறித்த மாதிரிக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அது மேப்பிளுக்கு மட்டும் வருகிற ஒரு பூஞ்சணம், மரக்கறிக்கு ஒன்றும் செய்யாது. ஓக் இலை உக்குவதற்கு நாள் எடுக்கும், ஆனாலும் போடலாம். போடவே கூடாதது கறுப்பு வால்நட். அந்த மரத்தின் வேர், இலை, காய்த்தோல் எல்லாவற்றிலும் ஜக்லோன் என்று ஒரு பொருள் இருக்கிறது. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றுக்கும் அது ஆகாது, செடி வாடிச் செத்துப்போகும். நாங்கள் நடுவதே அந்த மூன்றும்தானே. ஒரு காம்பில் இரண்டு பக்கமும் நிறையச் சிற்றிலைகள், கீழே பந்து அளவில் பச்சைக் காய்கள், அதைத் தொட்டால் கையில் மண்ணிறக் கறை. இப்படி ஒரு மரம் நிற்கிற வீட்டுப் பையைத் தொடவேண்டாம். நாய் வளர்க்கிற வீட்டுப் பையையும் நான் எடுப்பதில்லை.

இலையை முழுசாகப் பரப்பினால் மழையில் ஒன்றோடொன்று ஒட்டிப் படையாகிவிடும், கீழே காற்றும் போகாது. புல்லின் மேல் பரப்பி, புல்லு வெட்டும் மெஷினால் இரண்டு தரம் ஓட்டினால் தூளாகிவிடும். கடைசியாக வெட்டுகிற பச்சைப் புல்லும் அதோடு கலக்கும். அது நல்லதற்குத்தான். காய்ந்த இலையில் காபன் (கரிமம்) அதிகம், தழைச்சத்து (நைதரசன்) குறைவு. இலையை மட்டும் மண்ணுக்குள் தாழ்த்தால், அதை உக்கவைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். மே மாதத்தில் தாழ்த்தால் கன்றுகள் மஞ்சளாகி நிற்பது அதனால்தான். இப்போது தாழ்த்தால் குளிர் இறுகும் மட்டும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது, பிறகு ஏப்ரல், மே என்று இன்னும் இரண்டு மாதம் கிடைக்கிறது. நான் பச்சைப் புல்லோடு வீட்டுக் கோப்பித் தூளையும் கோழியெருவையும் சேர்த்து, நாலு விரற்கடை தடிப்பில் பாத்திகளில் போட்டு, மேலாகக் கொத்திவிடுகிறேன். மிஞ்சுகிற இலையைக் கம்பிவலை வளையம் ஒன்றுக்குள் கொட்டி வைத்தால் ஒன்றிரண்டு வருடத்தில் கறுத்த இலைமட்கு கிடைக்கும். சாடிக் கன்றுகளுக்கு அதைவிட நல்ல மண்ணை நான் கடையில் வாங்கியதில்லை.

சரி, உள்ளிக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

யாழ்ப்பாணத்தில் உள்ளி விளையாது. கடையில் வாங்குகிற சாமான் அது. வெங்காயத்தை எந்த மாதம் நடவேண்டும், எப்போது தண்ணீரை நிறுத்தவேண்டும், எப்படிப் பிடி கட்டித் தூக்கவேண்டும் என்பதெல்லாம் அப்பாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. உள்ளிச் செடி எப்படி இருக்கும் என்று அவர் கண்டிருக்கமாட்டார். ஏனென்றால் உள்ளிக்குக் குளிர் வேண்டும். நட்ட பல்லு பத்துப் பாகை செல்சியஸுக்குக் குறைந்த குளிரில் பல வாரம் கிடந்தால்தான் அது பிறகு பல்லுப் பல்லாகப் பிரியும். அந்தக் குளிர் படாவிட்டால் ஒற்றைக் குமிழாக உருண்டு நின்றுவிடும். ஒன்ராறியோவின் குளிரைப் பற்றி முறைப்பாடு சொல்லாத தமிழர் இல்லை. உள்ளி நட்டால் அந்தக் குளிர் உங்களுக்கு வேலை செய்வதைக் காணலாம்.

நடுகிற நேரத்துக்கு இங்குள்ளவர்கள் வைத்திருக்கிற குறி தாங்ஸ்கிவிங். ஒக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை. அதிலிருந்து மாதக் கடைசி வரைக்கும் நல்ல காலம். நிலம் உறைவதற்கு மூன்று நாலு வாரம் முன்னால் மண்ணுக்குள் போனால், மேலே முளை காட்டாமல் கீழே வேர் பிடித்துவிடும். முந்தி நட்டால் பச்சை இலை விட்டு, அந்த இலை குளிரில் கருகும்.

விதை உள்ளியைப் பலசரக்குக் கடையில் எடுக்கவேண்டாம். அங்கே கிடைப்பது பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிற மென்கழுத்து வகை. எங்கள் குளிருக்குப் பொருத்தமானது நடுவில் தடித்த தண்டு வருகிற வன்கழுத்து வகை. நான் நடுவது மியூசிக். பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒன்ராறியோ விவசாயி அல் மியூசிக் 1980களில் இத்தாலியிலிருந்து கொண்டுவந்த இனம், அவர் பெயராலேயே நிலைத்துவிட்டது. ஒரு பூட்டில், அதாவது ஒரு முழு உள்ளிக் குமிழில், நாலு முதல் ஆறு பல்லுத்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் பெருவிரல் தடிப்பு. உரிக்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். எங்கள் வீட்டில் உரிப்பவ அம்மா. அவ கடை உள்ளியைத் தொடுவதை விட்டுக் கனகாலம்.

நடுகிற அன்றைக்குத்தான் பூட்டை உடைத்துப் பல்லுப் பிரிக்கவேண்டும். தோலை உரிக்கக்கூடாது. பெரிய பல்லுகளை மண்ணுக்கு, சிறியவற்றைச் சமையலுக்கு. மனம் வராத வேலைதான் இது, நல்லதைத் தின்னாமல் மண்ணுக்குள் போடுவது. ஆனால் பெரிய பல்லிலிருந்துதான் பெரிய பூடு வரும். கூரான பக்கம் மேலே, தட்டையான பக்கம் கீழே. பல்லுக்கு மேல் இரண்டு அங்குலம் மண், பல்லுக்குப் பல்லு ஆறு அங்குலம். அம்மா நாற்காலி போட்டுப் பாத்தியோரம் இருந்து, வெங்காயம் நட்ட கையால் இடைவெளியை அளந்து காட்டுவா. நான் கூரான தடியால் துளை போட்டுக்கொண்டு போவேன். முந்தின வருடம் உள்ளியோ வெங்காயமோ லீக்ஸோ நின்ற பாத்தியில் திரும்ப நடக்கூடாது. நான் பயற்றங்காய் நின்ற பாத்தியைக் கொடுப்பேன்.

அணில்கள் உள்ளியைத் தின்னாது. ஆனால் புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால் தாங்கள் ஓக் விதை புதைப்பதற்கு வந்து கிளறும், பல்லுகள் மேலே வந்துவிடும். பாத்தியின் மேல் கோழிக்கூட்டு வலையை விரித்துக் கல் வைத்தால் போதும். நிலம் இறுகத் தொடங்கும்போது, எங்கள் பக்கத்தில் அது நவம்பர் நடுவில், வலையை எடுத்துவிட்டு வைக்கோலோ தூளாக்கிய இலையோ ஒரு சாண் தடிப்பில் மூடவேண்டும். மூடுவது சூட்டுக்காக என்று சிலர் நினைக்கிறார்கள். நிலம் உறைவதும் இளகுவதுமாக இருந்தால் பல்லு மேலே தள்ளப்பட்டுவிடும்; மூடாக்கு அந்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிறது. புரட்டிப்போட்ட வெறும் பாத்திக்கு நல்லதாக இருந்த அதே உறைதல், நட்ட பாத்திக்குக் கேடு.

அதற்குப் பிறகு ஒன்றும் செய்யத் தேவையில்லை. ஏப்ரலில் ஸ்னோ மிச்சம் கிடக்கும்போதே, தெருவில் வேறு ஒரு பச்சையும் இல்லாத நேரத்தில், உள்ளி முளை வந்துவிடும். யூனில் நடுத்தண்டு எழும்பிச் சுருளும். அதை வெட்டிவிடவேண்டும், அப்போதுதான் சத்து கீழே குமிழுக்குப் போகும். வெட்டிய தண்டைக் குறுணியாக அரிந்து தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்தால், சோறு எவ்வளவு போட்டாலும் காணாது. யூலை நடுவில் கீழ் இலைகள் மூன்றில் ஒரு பங்கு காய்ந்ததும் கிண்டி எடுக்கலாம். எல்லா இலையும் காயும் வரைக்கும் காத்திருக்கக்கூடாது. ஒவ்வொரு இலையும் பூட்டைச் சுற்றிய ஒரு தோல், எல்லாம் காய்ந்தால் தோல் இல்லாமல் பல்லு வெடித்து நிற்கும். அம்மா அதைப் பிடியாகக் கட்டிக் கராஜுக்குள் நிழலில் தூக்கிவிடுவா. ஊரில் வெங்காயத்துக்குச் செய்தது அப்படியே இங்கே உள்ளிக்குப் பொருந்துகிறது.

எங்கள் வலது பக்க வீட்டில் இத்தாலிக்கார ஐயா ஒருவர் இருக்கிறார். நவம்பரில் அவர் வளவில் நடப்பதைப் பார்க்கத் தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிடுவேன். அவரிடம் ஓர் அத்திமரம் நிற்கிறது. இலை கொட்டியதும் கொப்புகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார். ஒரு பக்க வேரைச் சுற்றி வெட்டி இளக்கிவிட்டு, மரத்தை மெதுவாகச் சரித்து, முன்னால் வெட்டி வைத்த நீளக் கிடங்குக்குள் படுக்க வைப்பார். மேலே பலகை, பலகைக்கு மேல் இலை, இலைக்கு மேல் மண். ஏப்ரலில் தோண்டி நிமிர்த்துவார். இந்த நகரத்து இத்தாலிக்காரர்கள் பலர் தலைமுறையாக இதைச் செய்கிறார்கள். கடையில் அத்திப்பழம் வாங்கமுடியாமல் அல்ல. ஊர்ப் பழம் தங்கள் வளவில் காய்க்கவேண்டும் என்பதற்காக ஒரு மரத்தை ஒவ்வொரு வருடமும் புதைத்து எடுக்கிறார்கள். அந்த ஐயாவில் எனக்கு இருக்கிற மரியாதை சொல்லி முடியாது.

எங்களுடைய அத்திமரம் கறிவேப்பிலை. அதைப் புதைக்கமுடியாது, சாடியோடு உள்ளே எடுக்கவேண்டும். இரவு வெப்பநிலை பத்துப் பாகைக்குக் கீழே போக முன்னமே எடுத்துவிடுங்கள். இங்கே அது செப்ரெம்பர் நடுவிலிருந்து நடக்கும். உள்ளே எடுக்க முன்னால் ஒவ்வொரு இலையின் அடிப்பக்கத்தையும் தண்டையும் பார்க்கவேண்டும். மண்ணிறத்தில் சின்னச் செதில் மாதிரி ஒட்டியிருந்தால் அது பூச்சி. சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்துவிடலாம். தெற்குப் பார்த்த யன்னல் நல்லது. இலை கொட்டும், பயப்படவேண்டாம். மாரியில், அதாவது இந்தக் குளிர்காலத்தில், அது உறங்குகிற மரம். உறங்குகிற மரத்துக்கு ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஊற்றி வேரை அழுகவைப்பதால்தான் எங்கள் வீடுகளில் கறிவேப்பிலை சாகிறது. மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு கொஞ்சம் ஊற்றுங்கள். மார்ச் வரைக்கும் பசளை வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உறைபனி எச்சரிக்கை வந்த அன்று பச்சைத் தக்காளி எல்லாவற்றையும் பிடுங்கிப் பெட்டியில் அடுக்கி வைத்தால் வீட்டுக்குள்ளேயே பழுக்கும். வெளிறத் தொடங்கியதுதான் பழுக்கும், கடும் பச்சையாக இருப்பதைக் கறி வையுங்கள். கருகல் நோய் பிடித்த தக்காளிக் கொடியை வளவுக்குள் உக்கவைக்காமல் மாநகரசபைப் பையில் போடவேண்டும். கேல் (kale) கீரையைப் பிடுங்க அவசரப்படவேண்டாம், இரண்டு உறைபனி பட்டால் அதன் இனிப்பே வேறு. பூச்செடித் தண்டுகளை வெட்டாமல் விடுங்கள். உள்ளே துளையுள்ள தண்டுகளில் சின்னத் தேனீக்கள் மாரியைக் கழிக்கின்றன, தோட்டத்துக்கு மகரந்தம் கொண்டுவருவதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. வெளிக் குழாயின் ஹோசைக் கழற்றி, உள்ளே இருக்கிற வால்வைப் பூட்டி, குழாயில் நிற்கிற தண்ணீரை வடியவிடுங்கள். நின்ற தண்ணீர் உறைந்தால் குழாய் சுவருக்குள் வெடிக்கும்.

பயற்றங்காய் விதைக்கென்று அம்மா விட்டிருந்த நெற்றுகள் இப்போது பேஸ்மென்டில் காய்கின்றன. எங்களுக்கு ஒரு பாத்தியில் உள்ளி நட்டாயிற்று. சனிக்கிழமை மழை இல்லையென்றால் அடுத்த பாத்தியும் முடியும். விதை உள்ளி இன்னும் வாங்காதவர்கள் இந்த வார இறுதியே பக்கத்திலுள்ள உழவர் சந்தைக்குப் போய், உள்ளி விளைவிக்கிறவர்களிடம் நேரே கேட்டு, நடுவதற்கு என்று சொல்லிப் பெரிய பூடாகத் தெரிந்து வாங்குங்கள். ஒரே ஒரு பூடு வாங்கினாலும் பரவாயில்லை. சாடியில் நடலாமா என்று கேட்கிறவர்களுக்கு: நடலாம், ஆனால் ஒரு அடி ஆழச் சாடி வேண்டும், அதைக் கராஜ் சுவரோடு ஒட்டி வைத்துச் சுற்றிலும் இலைப் பைகளை அடுக்குங்கள். நிலத்தைவிடச் சாடிக்குள் குளிர் கடுமையாக இறங்கும்.